பெர்லின் துருக்கியக் குடும்பங்கள் எங்கே வீடு பார்க்கின்றன? கேள்வி பதில்

நிலையான வேலை, இரண்டு சம்பளம், பள்ளி வயதில் பிள்ளைகள். இப்படிப்பட்ட துருக்கியக் குடும்பங்கள் பெர்லினில் எந்தப் பகுதிக்குப் போகின்றன, ஏன் போகின்றன என்று வந்த கேள்விகளுக்கான பதில்கள்.

கேள்வி: ஐயா, பெர்லின் துருக்கியர் என்றாலே க்ரொய்ட்ஸ்பெர்க் பகுதி என்கிறார்கள். விரும்பித்தான் அங்கே கூடினார்களா?

இல்லை. இந்தத் தவறான எண்ணத்தை முதலில் விட வேண்டும். மேற்கு ஜெர்மனி 1961 அக்டோபர் 30 அன்று துருக்கியோடு தொழிலாளர்களை வரவழைக்கும் ஆள்சேர்ப்பு ஒப்பந்தம் செய்தது. வந்தவர்கள் முதலில் தொழிலாளர் விடுதிகளில் தங்கினார்கள். 1973-ல் ஆள்சேர்ப்பை நிறுத்தியதும், ஊருக்குப் போனால் திரும்பி வர முடியாதே என்று மனைவி மக்களை அழைத்துக்கொண்டார்கள். குடும்பத்துக்கு வீடு வேண்டும். கிடைத்தது, பெர்லின் சுவரை ஒட்டிய க்ரொய்ட்ஸ்பெர்க்கில் இடிப்பதற்கென்று விட்டுவைத்திருந்த பழைய கட்டடங்கள்தான். அறையில் நிலக்கரிக் கணப்பு; மாடிப்படி திரும்பும் இடத்தில் பல வீடுகளுக்கும் பொதுவாக ஒரு கழிப்பறை. இடிக்கும்வரை வாடகை வரட்டும் என்று உரிமையாளர்கள் இவர்களுக்கு விட்டார்கள். 1975-ல் க்ரொய்ட்ஸ்பெர்க், வெட்டிங், டீர்கார்ட்டென் என்ற மூன்று பகுதிகளிலும் வெளிநாட்டவர் புதிதாகக் குடியேறத் தடையும் வந்தது. ஆக, இங்கே இரு, அங்கே இராதே என்று சொன்னது பெரும்பாலும் மற்றவர்கள்.

கேள்வி: இப்போது வசதி வந்தவர்கள் எங்கே போகிறார்கள்?

சுரங்க ரயில் வரைபடத்தை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், பாதி விடை அதிலேயே இருக்கிறது. நொய்க்கோல்ன் பகுதிக் குடும்பம் யு7 ரயில் தடத்தைப் பிடித்துத் தெற்கே பிரிட்ஸ், ருடோ என்று போகும். வெட்டிங் குடும்பம் யு6, யு8 வழியாக வடக்கே ரைனிக்கெண்டோர்ஃப், டெகல் பக்கம் நகரும். மாரியென்டோர்ஃப், ஷ்பாண்டாவ் பகுதிகளும் உண்டு. ருடோவில் தோட்டத்தோடு வரிசை வீடு கிடைக்கும். அங்கே ரயில் ஏறினால் நொய்க்கோல்னின் ஹெர்மன்பிளாட்ஸ் நிலையம் சுமார் 20 நிமிடம். அம்மா வீடு, கொலும்பியாடாம் சாலையிலுள்ள ஷெஹித்லிக் பள்ளிவாசல், செவ்வாயும் வெள்ளியும் கால்வாய் ஓரத்தில் கூடும் மைபாக்ஊஃபர் சந்தை எல்லாம் அந்தப் பக்கம்தான். வீடு மாறுகிறது, வாழ்க்கை மாறுவதில்லை. பாட்டி பேரனைப் பள்ளியிலிருந்து கூட்டி வரவேண்டும் என்றால், இரண்டு ரயில் மாறிப் போகும் இடம் எவ்வளவு மலிவாக இருந்தாலும் பட்டியலில் ஏறாது.

கேள்வி: சார், எந்தக் கட்டத்தில் வீடு மாறுகிறார்கள்? திருமணமானதுமா?

பெரும்பாலும் மூத்த பிள்ளை ஒன்றாம் வகுப்பு சேரும் முன்பு. பெர்லினில் முகவரியை வைத்துத்தான் அரசுத் தொடக்கப்பள்ளி ஒதுக்குவார்கள். அங்கே 6 ஆண்டு படிப்பு. செப்டம்பர் 30-க்குள் 6 வயது நிறைந்தால் அந்த ஆண்டே சேர்க்கை, ஆனால் பதிவு முந்தைய ஆண்டு இலையுதிர் காலத்திலேயே நடக்கும். அப்போது கையில் புது முகவரி இருக்க வேண்டும். கோடை விடுமுறையில் மாறிக்கொள்ளலாம் என்று இருந்தவர்கள், கேட்ட பள்ளியில் இடம் நிரம்பிவிட்டது என்ற பதிலைத்தான் வாங்குவார்கள்.

அம்மா அப்பா பார்ப்பது ஒரு எண்ணை. வீட்டில் ஜெர்மன் அல்லாத மொழி பேசும் மாணவர் எத்தனை விழுக்காடு என்று பெர்லின் பள்ளிக் கையேடு ஒவ்வொரு பள்ளிக்கும் வெளியிடுகிறது. வகுப்பில் பெரும்பாலோர் துருக்கியமோ அரபியோ பேசினால் பிள்ளைக்கு ஜெர்மன் படியாதே என்பது அவர்கள் கவலை. அது நியாயமான கவலை. ஆனால் அந்த எண் கற்பித்தலைப் பற்றி எதுவுமே சொல்லாது. இரு மொழியும் சரளமாகப் பேசும் மருத்துவரின் மகளும் அதே கணக்கில்தான் வருகிறாள். அந்தக் குடும்பம் எந்தப் பள்ளிக்குப் போனாலும் அங்கே அந்த விழுக்காடு கூடத்தான் செய்யும்! ஆகவே நேரில் போய்க் கேளுங்கள்: ஆசிரியர் இடம் எத்தனை காலி, மொழி ஆதரவு வகுப்பு வாரம் எத்தனை மணி, 6-ஆம் வகுப்பு முடித்தவர்கள் எங்கே போகிறார்கள். க்ரொய்ட்ஸ்பெர்க்கில் அஸீஸ் நெசின் தொடக்கப்பள்ளி ஜெர்மன், துருக்கியம் இரண்டிலும் பாடம் நடத்துகிறது. அதற்காகவே அங்கே இருந்துவிடுகிறவர்களும் உண்டு.

கேள்வி: சித்தப்பா வீட்டு முகவரியைப் பதிந்து நல்ல பள்ளியில் சேர்க்கலாமா?

வேண்டாம். குடிபுகுந்த 2 வாரத்துக்குள் முகவரியைப் பதிய வேண்டும், அதற்கு வீடு கொடுத்தவரின் கையெழுத்திட்ட சான்று தேவை. குடிவராத ஒருவருக்கு முகவரி கொடுத்தால் கொடுத்தவருக்கே 50,000 யூரோ வரை அபராதம் போடச் சட்டத்தில் இடமிருக்கிறது. சித்தப்பாவை மாட்டிவிடாதீர்கள்.

கேள்வி: பெயரைப் பார்த்தே வீடு மறுக்கிறார்கள் என்பது உண்மையா, அண்ணா?

உண்மைதான் தம்பி. 2017-ல் ஜெர்மன் ஊடகங்கள் 10 நகரங்களில் வாடகை வீடு கேட்டுச் சுமார் 20,000 விசாரிப்புகளை ஜெர்மன் பெயரிலும் வெளிநாட்டுப் பெயரிலும் அனுப்பிப் பார்த்தன. துருக்கிய, அரபிப் பெயர்களுக்குத்தான் அழைப்பு மிகக் குறைவு.

கைக்காவல் இதுதான்: கடைசி 3 மாதச் சம்பளச் சீட்டு, ஷூஃபா அறிக்கை (கடனை ஒழுங்காகக் கட்டுகிறீர்களா என்று காட்டுவது), வாடகை பாக்கி இல்லை என்று பழைய உரிமையாளர் தரும் சான்று எல்லாவற்றையும் ஒரே கோப்பாக்கி, விளம்பரம் வந்த அன்றே அனுப்புங்கள். மறுப்பில் சந்தேகம் வந்தால் விளம்பரத்தையும் பதிலையும் தேதியோடு படமெடுத்து வையுங்கள். ஜெர்மன் பெயருள்ள நண்பரை அதே வருமானம் சொல்லி விசாரிக்கச் சொல்லுங்கள். 2006-ல் வந்த சம நடத்தைச் சட்டப்படி 2 மாதத்துக்குள், மறுத்தவரிடம் இழப்பீட்டுக் கோரிக்கையை எழுத்தில் வைக்க வேண்டும். பலரும் கோட்டை விடுவது இந்தக் கெடுவைத்தான்.

கேள்வி: வாங்குவதானால் கையில் எவ்வளவு வேண்டும்? திருமண நகையை விற்று வாங்குவார்களாமே?

4 லட்சம் யூரோ வீடு என்று வையுங்கள். நிலமாற்று வரி பெர்லினில் 6 விழுக்காடு: 24,000. தரகு, வாங்குபவர் பங்கு பொதுவாக 3.57 விழுக்காடு: 14,280. நோட்டரி, பதிவுச் செலவு சுமார் 2 விழுக்காடு: 8,000. ஆக 46,280 யூரோ. வங்கி இதற்குப் பொதுவாகக் கடன் தராது, கையிருப்பில்தான் போடவேண்டும். முதல் தலைமுறை, திரும்பிப் போவோம் என்ற நம்பிக்கையில் சேமிப்பைத் துருக்கியில் வீடு கட்டப் போட்டது. அதனால் பல குடும்பங்களில் பெர்லினில் முதலில் பத்திரம் முடிப்பவர்கள் மகனும் மகளும்தான்.

நகை விஷயத்தில் கவனம். திருமணத்தில் உறவினர் மணமக்களுக்குக் குத்திவிடும் தங்கக் காசும், கை வளையலும் பெரிய தொகை. ஆனால் 2023 ஏப்ரல் முதல் ஜெர்மனியில் ரொக்கமாகவோ தங்கமாகவோ கொடுத்து வீடு வாங்க முடியாது. முன்கூட்டியே விற்று, ரசீதோடு வங்கிக் கணக்கில் போடுங்கள். அண்ணன் தம்பி தரும் கைமாற்றும் கணக்கு வழியாக, ஒரு தாளில் எழுதி வரட்டும்.

இன்னொரு பள்ளம்: பெற்றோருக்கு என்று க்ரொய்ட்ஸ்பெர்க்கில் குடித்தனக்காரர் இருக்கும் வீட்டை மலிவாக வாங்குவது. அவர் குடியிருக்கும்போதே அது வாடகைக் கட்டடத்திலிருந்து தனி உடைமையாகப் பிரிக்கப்பட்டிருந்தால், பிரித்தபின் நடந்த முதல் விற்பனையிலிருந்து 10 ஆண்டுக்குச் சொந்தத் தேவை என்று சொல்லி அவரைக் காலி செய்ய முடியாது. பிரித்த தேதி, முதல் விற்பனைத் தேதி இரண்டையும் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

கேள்வி: கிழக்குப் பெர்லினில் மலிவாகக் கிடைத்தாலும் போவதில்லையாமே?

சுவர் இருந்த காலத்தில் அங்கே உறவே இல்லை. வெளிநாட்டவர் மீது 1990-களில் நடந்த தாக்குதல்கள் மனத்தில் நிற்கின்றன. கணவன் இரவுப் பணி முடிந்து தனியாக ரயில் இறங்கி நடக்கும் தெருவை நினைத்துத்தான் முடிவெடுக்கிறார்கள், அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் பிரிட்ஸ், ருடோ இருக்கும் தெற்கு நொய்க்கோல்னிலும் தீவிர வலதுசாரிகள் வண்டிகளுக்குத் தீவைத்த சம்பவங்கள் நடந்திருக்கின்றன.

கேள்வி: வசதி இருந்தும் பழைய வீட்டிலேயே இருப்பவர்கள் ஏன் அப்படி?

பழைய வாடகை ஒப்பந்தம்தான் காரணம். காலவரையற்ற ஒப்பந்தத்தில், ஊர் ஒப்பீட்டு வாடகை (அதே ஊரில் அதேபோன்ற வீடுகளின் வழக்கமான வாடகை) வரை ஏற்றுவதற்கும் பெர்லினில் 3 ஆண்டுக்கு 15 விழுக்காடுதான் உச்சம். விட்டுப்போனால் அந்த வாடகைக்கு அதே தெருவில் ஓர் அறை குறைவான வீடு கூடக் கிடைக்காது.

அப்பா பெயரில் இருக்கும் ஒப்பந்தம் தானாக மகனுக்கு வரும் என்று நம்பி இருக்கவேண்டாம். அவர் இறக்கும்போது அதே வீட்டில் சேர்ந்து குடித்தனம் செய்தவருக்குத்தான் அந்த உரிமை. வேறு வீட்டில் இருக்கும் மகன், அப்பா நன்றாக இருக்கும்போதே உரிமையாளரிடம் பேசி எழுத்தில் சம்மதம் வாங்க வேண்டும். உரிமையாளர் தந்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.