மாலை போட்டபோது நான் 'சாமி', கழற்றியதும் 'கேன்'

கேள்வி: வழக்கத்துக்கு மாறான ஒன்றை அணிந்து வெளியே போனால் மக்கள் நம்மிடம் பழகும் விதம் மாறுமா?

மாறும். எனக்கு மாறியது. நீங்கள் கேட்டிருப்பதைப் பார்த்தால், எதையோ போட்டுக்கொள்ள ஆசைப்பட்டுத் தயங்குகிறீர்கள் என்று தோன்றுகிறது.

சென்னை மடிப்பாக்கம் பக்கம் வீடு வீடாகத் தண்ணி கேன் போடுகிறேன். 2019 கார்த்திகை முதல் தேதி முதன்முறையாகச் சபரிமலைக்கு மாலை போட்டேன். கார்த்திகையில் கறுப்பு வேட்டி என்ன அதிசயம் என்பீர்கள். ஊருக்கு இல்லை, எனக்கு அதிசயம். அதுவரை தினமும் அரை டிராயர், பனியன், தோளில் 20 லிட்டர் கேன் என்றுதான் என்னை எல்லோரும் பார்த்திருந்தார்கள்.

ஒரு குடியிருப்பில் மூன்றாவது மாடியில் ஓர் அம்மா. கதவைத் திறக்கவே மாட்டார். கிரில் கேட்டுக்கு உள்ளிருந்தே "யாரு, கேனா? வெளியே வச்சிட்டுப் போ" என்பார். காசை என் கையில் தராமல் கம்பி இடுக்கில் வைப்பார். மாலை போட்ட மூன்றாம் நாள் வெறும் காலோடு கேனைத் தூக்கிக்கொண்டு போய் நின்றேன். நெற்றியில் விபூதி, கழுத்தில் துளசி மணி. என்னைப் பார்த்ததும் கேட்டைத் திறந்தார். "கன்னிச்சாமியா? உள்ளே வாங்க சாமி" என்று எவர்சில்வர் டம்ளரில் பால் கொடுத்தார். கிளம்பும்போது பள்ளிக்கூடம் போகும் பேரனைக் கூப்பிட்டு என் காலில் விழச் சொன்னார். எனக்குக் கை நடுங்கியது. அந்தப் பையனுக்கு அதுவரை நான் 'டேய் கேன்'.

பஸ்ஸில் கண்டக்டர் "சாமி, உள்ளே போங்க" என்றார். வாட்ச்மேன் எழுந்து நின்றார். சர்வீஸ் லிப்டில்தான் போகணும் என்று விரட்டிய செக்ரட்டரி, முன்பக்க லிப்டைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

பக்தியைக் குறை சொல்கிறேன் என்று யாரும் சண்டைக்கு வராதீர்கள். அவர்கள் கும்பிட்டது ஐயப்பனை, என்னை இல்லை என்பது தெரியும். விடியற்காலைப் பச்சைத்தண்ணீர் குளியல், தரையில் பாய், ஒன்றையும் நான் விடவில்லை. ஆனால் அதே தோள், அதே கேன்தானே?



விரதம் முடித்து ஜனவரி முதல் வாரத்தில் மலைக்குப் போய் வந்தேன். குருசாமி மாலையைக் கழற்றினார், தாடியை எடுத்தேன். மறுநாள் மூன்றாவது மாடி. கிரில் கேட் பூட்டியிருந்தது. "யாரு, கேனா?"

படியிறங்கும்போது எனக்கு அழுகை வந்தது. வெட்கப்படாமல் சொல்கிறேன்.

முதல் மாடியில் ரிட்டயர்டு வாத்தியார் ஒருவர் இருக்கிறார். அவர் மட்டும் சித்திரை வெயிலிலும் "சாமி, ஒரு நிமிஷம் உட்காருங்க" என்று ஃபேனைப் போடுவார். அவர் வீட்டுக் கேனை மட்டும் வாசலில் வைக்க மாட்டேன். உள்ளே கொண்டுபோய் நானே கவிழ்த்து வைத்துவிட்டுத்தான் வருவேன்.