சாவி தபாலில் வருமென்றால் பணம் அனுப்பலாமா?

கேள்வி: அடுத்த மாதம் பெர்லினில் வேலையில் சேர இருக்கிறேன். இணையத்தில் பிடித்துப்போன ஒரு வீட்டின் உரிமையாளர், தாம் லண்டனில் இருப்பதாகவும், முன்பணம் வந்தவுடன் சாவியைத் தபாலில் அனுப்புவதாகவும் எழுதியிருக்கிறார். அனுப்பலாமா?

பதில்: தயவுசெய்து அனுப்பாதீர்கள், பாஸ்போர்ட் நகலையும் கொடுக்காதீர்கள். வெளிநாட்டில் இருக்கும் உரிமையாளர், தபாலில் வரும் சாவி ஆகிய இரண்டும் சேர்ந்து வந்தால், அது புதிதாக வருபவர்களைக் குறிவைக்கும் பழைய மோசடி என்றே கொள்ளுங்கள். ஜெர்மானியச் சட்டப்படி, தண்ணீர், வெப்பமூட்டல் போன்ற செலவுகள் சேராத அடிப்படை மாத வாடகையான 'கால்ட்மீட்டெ'யின் மூன்று மடங்கை முன்பணம் தாண்டக் கூடாது. அதையும் மாதம் ஒன்றாக மூன்று தவணைகளில் கட்டலாம், முதல் தவணையே வாடகைக் காலம் தொடங்கும்போதுதான் கட்டவேண்டியதாகிறது. வீட்டைக் கண்ணால் பார்க்கும் முன்பே முழுத்தொகையையும் கேட்பவரை நம்புவதற்கு எந்தக் காரணமும் இல்லை.

இங்கிருந்தபடியே நிரந்தர வீடு பிடிக்க முயல வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. கடன் நாணயச் சான்றான 'ஷூஃபா'வும் ஜெர்மானியச் சம்பளச் சீட்டுகளும் கையில் இல்லாதவரின் விண்ணப்பம், நூறு பேர் போட்டியிடும் இடத்தில் எடுபடுவது கடினம். முதல் இரண்டு மூன்று மாதங்களுக்குத் தட்டுமுட்டுச் சாமான்களுடன் கூடிய தற்காலிக வீடு ஒன்றை எடுங்கள். எடுக்கும் முன், அந்த முகவரியில் 'ஆன்மெல்டுங்' எனப்படும் குடியிருப்புப் பதிவு செய்ய முடியுமா என்று எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். வாடகையைவிட இதுவே முக்கியம். குடிபுகுந்த இரண்டு வாரங்களுக்குள் பதிவு செய்ய வேண்டும், அதற்கு வீடு கொடுத்தவரின் உறுதிக் கடிதம் தேவை, வரி அடையாள எண்ணும் பதிவான முகவரிக்கே தபாலில் வரும். பெர்லின் அடுக்ககங்களில் பெரும்பாலும் கதவெண் இருப்பதில்லை என்பதால், தபால்பெட்டியில் உங்கள் பெயரை ஒட்டாவிட்டால் அந்த வரி எண் கடிதம் திரும்பிப் போய்விடும்.

பிறகு தேடும்போது, விளம்பரத்தில் இரண்டு அறை என்றால் கூடத்தையும் சேர்த்தே இரண்டு என்று புரிந்துகொள்ளுங்கள். நம் ஊர்க் கணக்கில் அது ஒரு படுக்கையறை வீடு. அடுப்பும் பாத்திரத் தொட்டியும்கூட இல்லாத வெறும் சமையலறையுடன் பல வீடுகள் வாடகைக்கு வருகின்றன, ஆகவே அதைக் கேட்டு உறுதிசெய்யுங்கள். உரிமையாளர் அமர்த்திய தரகருக்கு நீங்கள் கட்டணம் தரவேண்டியதில்லை. 2015 முதல் அதுவே சட்டம்.