வாலிபால் மேட்சும் மனு ரசீதும்

டீச்சருக்கு வணக்கம்,

நீங்க எழுதறதை ரெண்டு வருஷமா படிச்சிட்டு வரேன். என் பேரு போட வேணாம். நான் போலீஸ்ல கிரேடு டூ கான்ஸ்டபிள், சொந்த ஊரு விருதுநகர் பக்கம். போன வருஷம்தான் ஆயுதப்படையில இருந்து நீலகிரியில கூடலூர் பக்கம் ஒரு ஸ்டேஷனுக்கு வந்தேன். இங்க வந்ததுல இருந்து ஒரு விஷயம் மனசை அரிச்சிட்டே இருக்கு. ஆதிவாசி காலனி பக்கம் ஜீப் சத்தம் கேட்டாலே ஆம்பளைங்க தேயிலைக்குள்ள இறங்கி காணாம போயிடறாங்க, பொம்பளைங்க கதவை சாத்திக்கறாங்க. நல்லுறவு வளர்க்கணும்னு வாலிபால் மேட்ச் வச்சோம், கம்பளி குடுத்தோம், புள்ளைங்களுக்கு நோட்டு குடுத்தோம். எல்லாரும் வந்தாங்க, போட்டோவுக்கு நின்னாங்க. ரெண்டு வாரம் கழிச்சு பக்கத்து எஸ்டேட்ல குறுமிளகு மூட்டை காணாம போச்சு, விசாரிக்கப் போனா பழையபடி ஒருத்தரும் வாயைத் திறக்கல. எங்க ஏட்டய்யா "இவங்க இப்படித்தான், விட்டுத்தள்ளு தம்பி"ன்றாரு. எனக்கு விட மனசில்ல. நாங்க எங்க தப்பு பண்றோம்? யூனிபார்ம் இல்லாம மஃப்டில போனா சரியா வருமா?

*

தம்பி,

ஏட்டய்யா சொன்னதை கேட்டுட்டு விட்டுடாம எனக்கு லெட்டர் போட்டீங்களே, அதுக்கே உங்களுக்கு ஒரு கட்டஞ்சாயா வச்சு தரணும். சரி விஷயத்துக்கு வரேன். ஒருத்தரும் வாயைத் திறக்கலன்னு எழுதியிருக்கீங்க. அவங்க ஸ்டேஷனுக்கு தானா வந்து வாயைத் திறந்த நாள்ல என்ன நடந்துச்சு, அதை உங்க ரெக்கார்டுல தேடிப் பாருங்க. அனேகமா ஒண்ணும் இருக்காது, ஏன்னா எழுதியே இருக்க மாட்டாங்க.

முதல்ல என் கதை கொஞ்சம். 1964ல சாஸ்திரியும் சிறிமாவோவும் போட்ட ஒப்பந்தத்துல இந்தப் பக்கம் வந்த குடும்பம் எங்களோடது. 1971ல, எனக்கு ஆறு வயசு, தலைமன்னார்ல கப்பல் ஏறி ராமேஸ்வரம், மண்டபம் கேம்ப், அப்புறம் அரசாங்க தேயிலைத் தோட்டமான டான்டீல வேலைன்னு சேரம்பாடி பக்கம் வந்து சேர்ந்தோம். எங்கப்பா ஒரு பிஸ்கட் டின்ல பாஸ்போர்ட்டு, ஃபேமிலி கார்டு எல்லாத்தையும் போட்டு வச்சிருந்தாரு. நாங்க குடியிருந்த தோட்டத்து லயத்துப் பக்கம் போலீஸ் தலை தெரிஞ்சா போதும், சோத்துல கை வச்சிருந்தாலும் அப்படியே எழுந்து அந்த டின்னை எடுத்து கக்கத்துல இடுக்கிக்குவாரு. வந்தது பக்கத்து லயத்துல குடிச்சிட்டு சண்டை போட்டவனைத் தேடித்தான், அது எங்க எல்லாருக்கும் தெரியும், இருந்தாலும் அவங்க போற வரைக்கும் டின்னு கக்கத்துலயேதான் இருக்கும். அவரு ஒரு தப்பும் பண்ணதில்ல. கடைசி வரைக்கும் ஒரு போலீஸ்காரர்கிட்டயும் அடி வாங்கினதும் இல்ல. நீ எந்த ஊருக்காரன்னு கேட்டா காட்டறதுக்கு பேப்பர் வேணும், அவ்வளவுதான் அவருக்கு போலீஸ்.

இது எங்க ஆளுங்க பயம். இந்த மலையில ஒவ்வொருத்தருக்கும் ஒவ்வொரு பயம். தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர்னு ஆறு பழங்குடி இந்த ஒரே ஜில்லாவுல, அதுபோக படுகர், செட்டிமார், மலையாளி, நாங்க சிலோன்காரங்க, இப்ப எஸ்டேட் லைன் பூரா ஜார்க்கண்ட்காரங்க. நீங்க "ஆதிவாசி காலனி"ன்னு ஒரே வார்த்தையில எழுதிட்டீங்க, அது பணியர் காலனியா காட்டுநாயக்கர் காலனியான்னு கூட எழுதல (குத்தம் சொல்லல, நானும் டீச்சரா வந்த முதல் வருஷம் அப்படித்தான்). காட்டுநாயக்கருக்கு தேன் எடுக்கப் போன இடத்துல மறிச்ச ஃபாரஸ்ட்காரரும் நீங்களும் ஒண்ணு, காக்கின்னா காக்கிதான், தோள்ல என்ன எழுதியிருக்குன்னு யாரு பார்க்கப் போறா. 1992ல தருமபுரி வாச்சாத்தியில சந்தனக்கட்டை தேடறோம்னு போன ஃபாரஸ்ட், போலீஸ், ரெவின்யூ ஆளுங்க 269 பேர் மேல, ஆதிவாசி சனத்தை அடிச்சாங்க, பொம்பளைங்களைக் கெடுத்தாங்கன்னு கேஸ் நடந்துச்சு, தீர்ப்பு வர 2011 ஆச்சு, அதுக்குள்ள 54 பேர் செத்தே போயிட்டாங்க, மிச்சம் இருந்த 215 பேருக்கும் தண்டனை. அது நம்ம மலை இல்லதான், ஆனா மூணு டிபார்ட்மெண்டும் சேர்ந்து வந்துச்சுன்றது மலையில இருக்கற எல்லாருக்கும் புரியற சேதி. இங்கயும் 2016 நவம்பர்ல காட்டுக்கு அந்தப் பக்கம் கேரளா நிலம்பூர்ல மாவோயிஸ்ட் ரெண்டு பேரை போலீஸ் சுட்டப்புறம் துப்பாக்கியோட போலீஸ் ஆளுங்க வந்து யாருக்கு அரிசி குடுத்த, யாரு வந்தான்னு கேட்டாங்க, அப்புறம் மெடிக்கல் கேம்ப்பும் வச்சாங்க. கம்பளி வாங்கிக்கிட்ட கை எதுக்கு சாட்சி சொல்ல வரலன்னா, குடுக்கற கைதான் கேள்வியும் கேட்கும்னு அவங்களுக்கு முன்னயே தெரியும்.

இப்ப நான் பார்த்ததை சொல்றேன். எந்த ஸ்டேஷன்னு சொல்ல மாட்டேன். என்கிட்ட அஞ்சாவது வரைக்கும் படிச்ச ஒரு பணியர் பையன், இஞ்சி வேலைக்குன்னு ஒரு மேஸ்திரி குடகுக்கு கூட்டிட்டுப் போனான், மூணு வாரமா ஆளும் இல்ல போனும் இல்ல. அவங்க அம்மா தனியா ரெண்டு தடவை ஸ்டேஷனுக்கு போயிருக்கு. வாசல்ல வேலியோரமா நின்னிருக்கு. யாரும் திட்டலையாம், போன்னும் சொல்லலையாம், என்ன வேணும்னும் கேட்கலையாம், சாயங்காலம் பஸ்சுக்கு நேரமாச்சுன்னு அதுவா திரும்பி வந்திருச்சு. நீங்க அடிக்கறது மிரட்டறதுதான் பெரிய தப்புன்னு நெனச்சிட்டு இருப்பீங்க, இந்த நிக்க வைக்கறது இருக்கே, இது யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லாமலே தினம் நடக்குது.

மூணாவது தடவை நான் கூட போனேன். எனக்கு சேர் போட்டாங்க. அது நின்னுச்சு. ரைட்டர் எல்லாத்தையும் என்கிட்டதான் கேட்டாரு, மகனைத் தொலைச்சது அது, பேரு வயசு கேட்கறது என்கிட்ட. முதல் கேள்வி என்ன தெரியுமா, "பையன் தண்ணி அடிப்பானா?" அப்ப பக்கத்து டேபிள்ல இருந்த ஒரு லேடி கான்ஸ்டபிள், சின்ன பொண்ணு, எழுந்து வந்து தன்னோட சேரை அதுக்கு போட்டுட்டு "போகும்போது என்ன சட்டைம்மா போட்டிருந்தான்?"னு கேட்டுச்சு. அவ்வளவுதான். மூணு வாரமா பேசாத பொம்பளை சட்டை கலர்ல ஆரம்பிச்சு மேஸ்திரியோட வண்டி, அவன் குடுத்த ஐநூறு ரூபாய் முன்பணம், கூட போன இன்னும் நாலு பேரு பேரு வரைக்கும் சொல்லிச்சு, பாதி அவங்க பாஷையில, பாதி தமிழ்ல, புரியாத இடத்துல அந்தப் பொண்ணு திரும்பக் கேட்டு எழுதிச்சு. மனு வாங்கினதுக்கு அத்தாட்சியா சி.எஸ்.ஆர். ரசீது போட்டு என் கையில குடுக்காம அதோட கையில குடுத்துச்சு. எழுத்து தெரியாது, ஆனா அந்த பேப்பரை ரேஷன் கார்டு கூட ஒரே பாலிதீன் கவர்ல போட்டு வச்சிருச்சு. எங்கப்பா டின்னு ஞாபகம் வந்துச்சு எனக்கு.

எட்டாவது நாள் அந்தப் பொண்ணு காலனிக்கு வந்துச்சு. குடகு ஸ்டேஷனுக்கு பேசினோம், இன்னும் தகவல் இல்லன்னு சொல்றதுக்கு. ஒண்ணும் இல்லன்னு சொல்றதுக்கு ஒரு போலீஸ் மலையிறங்கி நடந்து வந்துச்சுன்னு காலனியே ஒரு மாசம் பேசிச்சு. பையன் ரெண்டு மாசம் கழிச்சு தானாவே வந்தான், கூலி முக்கால்வாசி போச்சு, அது வேற கதை. ஆனா அடுத்த வருஷம் எட்டாவது படிக்கற ஒரு புள்ளைய ஒருத்தன் தொந்தரவு பண்றான்னு அந்த காலனி பொம்பளைங்களே அந்தப் பொண்ணுக்கு போன் போட்டாங்க. வாலிபால் யாரும் ஆடல.

இதுல ஒரு வேதனையும் இருக்கு. அந்தப் பொண்ணு டிரான்ஸ்ஃபர் ஆகி கீழ போயிடுச்சு. அதுக்கப்புறம் யாரும் யாருக்கும் போன் போடல. போற வாரத்துல அடுத்து வர்றவங்களை ஒரு தடவை காலனிக்கு கூட்டிட்டு வந்து "இனிமே இவங்ககிட்ட சொல்லுங்க"ன்னு சொல்லியிருந்தா போதும், ஆனா அதுக்கு டிபார்ட்மெண்ட்ல யாரும் நேரம் குடுக்கறதில்ல. நீங்களாவது செய்யுங்க.

சட்டம் உங்களுக்கு நான் சொல்லிக் குடுக்கணுமா என்ன. 2024 ஜூலையில இருந்து வந்த புது சட்டத்துலயும் எஃப்.ஐ.ஆர். காப்பி புகார் குடுத்தவருக்கு இலவசமா குடுக்கணும்னு இருக்கு, விசாரணை எந்த அளவுல இருக்குன்னு 90 நாளுக்குள்ள சொல்லணும்னும் இருக்கு. அந்தப் பொண்ணு செஞ்சது சாதா மனுவுக்கு, அதுவும் எட்டே நாள்ல. அதே சட்டத்துல, சாட்சி விசாரிக்க பொம்பளைங்களையும் 60 வயசுக்கு மேல ஆனவங்களையும் அவங்க இருக்கற இடத்தை விட்டு வரச் சொல்லக்கூடாதுன்னு இருக்கு. உங்க குறுமிளகு கேஸ்ல காலனி மூப்பனை ஸ்டேஷனுக்கு வரச் சொன்னீங்களா? சொல்லியிருந்தா அவரு வந்து எல்லாத்துக்கும் தலையாட்டியிருப்பாரு. அந்த தலையாட்டலை வாக்குமூலம்னு எழுதிடாதீங்க தம்பி. முப்பது வருஷம் கிளாஸ்ல பார்த்திருக்கேன், புரிஞ்சுதான்னு கேட்டா அந்தப் புள்ளைங்க ஆட்டற தலைக்கு "சீக்கிரம் விடுங்க டீச்சர்"னு அர்த்தம்.

குறுமிளகு போனா முதல்ல யாரு வீட்டுக்கு போனீங்கன்னும் யோசிங்க. காலனிக்கு, அப்புறம் ஜார்க்கண்ட் லைனுக்கு, சரியா? மூட்டைய ஜீப்ல ஏத்திட்டுப் போற அளவுக்கு வசதி உள்ளவன் வீட்டுக்கு போகல. நீங்க "ஏதாவது பார்த்தீங்களா"ன்னுதான் கேட்டிருப்பீங்க, அவங்க காதுல "நீதான எடுத்த"ன்னு விழுந்திருக்கும். ஜார்க்கண்ட்காரங்களுக்கு இன்னும் மோசம், அவங்க ஆதார் காப்பி மொத்தமா ஆபீஸ்ல கட்டி வச்சிருக்கும், போலீஸ்னா மேனேஜர் கூட வர்ற ஆளு. மேனேஜர் இல்லாம, இந்தி தெரிஞ்ச ஒருத்தரை கூட்டிட்டு ஒரு ஞாயித்துக்கிழமை சந்தையில பேசிப் பாருங்க.

இன்னொண்ணு, ஊருக்குள்ள நமக்கு வேண்டிய நாலு பேரை பிடிச்சு கமிட்டி போடலாம்னு உங்க மேலதிகாரி சொன்னா கொஞ்சம் உஷார். போலீசுக்கு உதவ ஊர்க்காரங்களைச் சேர்த்த ஃப்ரெண்ட்ஸ் ஆஃப் போலீஸ் 1993ல ராமநாதபுரத்துல நல்ல எண்ணத்தோட ஆரம்பிச்சதுதான், 2020ல சாத்தான்குளத்துல அப்பாவும் மகனும் போலீஸ் பிடிச்சிட்டுப் போய் அடிச்சதுல செத்தப்புறம் தமிழ்நாட்டுல தடை போடற அளவுக்கு அதுக்கு கெட்ட பேரு வந்துச்சு. இங்க கமிட்டின்னா யாரு வருவா, கடைக்காரர், எஸ்டேட் கிளர்க்கு, மேஸ்திரி. யாரு மேல புகார் குடுக்கணுமோ அவரே பக்கத்துல சேர் போட்டு உட்கார்ந்திருப்பாரு.

உங்க கஷ்டமும் தெரியாம இல்ல. பந்தோபஸ்து, விஐபி, ஊட்டி சீசன் டிராஃபிக்னு வார லீவே ஒழுங்கா கிடைக்காத வேலையில காலனிக்கு நடந்து போய் "தகவல் இல்ல"ன்னு சொல்லிட்டு வான்னு நான் உட்கார்ந்த இடத்துல இருந்து எழுதறது சுலபம். எல்லா மனுவுக்கும் வேணாம், மாசம் ஒண்ணு. ரோந்து வந்ததுக்கு அடையாளமா பட்டா புக்குல கையெழுத்து போடறதுக்கு எஸ்டேட் பங்களா வரைக்கும் போறீங்க இல்ல, அந்த புக்கு ஒண்ணை காலனி அங்கன்வாடியிலயும் வைக்க முடியுமான்னு இன்ஸ்பெக்டர்கிட்ட கேளுங்க.

மஃப்டி கேட்டிருந்தீங்க. வேணவே வேணாம். மஃப்டில வந்தா மாவோயிஸ்ட் தேடற கியூ பிராஞ்சு உளவுப் போலீஸ்னு நெனச்சு இன்னும் பயப்படுவாங்க. யூனிபார்ம்லயே போங்க, சட்டையில பேரு தெரியற மாதிரி. ஜீப்பை மேல ரோட்டுலயே நிறுத்திட்டு இறங்கி நடங்க. இப்ப மழை விட்டு விட்டு பெய்யுது, வழி பூரா அட்டை இருக்கும், துணியில கொஞ்சம் உப்பு கட்டி எடுத்துக்குங்க.