வாசகர் கேள்வி – பதில்: கொழும்பு பஸ் வழித்தடங்கள்

கொழும்பு நகரப் பஸ் சேவையை மேம்படுத்துவதற்கான யோசனைகளை எழுதி அனுப்பும்படி சென்ற இதழில் வாசகர்களைக் கேட்டிருந்தோம். வந்து சேர்ந்த கடிதங்களில் மிகப் பெரும்பாலானவை, தத்தம் பகுதியிலிருந்து இன்ன இடத்துக்கு நேரடிப் பஸ் ஒன்று வேண்டும் என்று கேட்கின்றன. அந்தக் கோரிக்கைக்குப் பின்னால் உள்ள சிரமம் உண்மையானது. ஆயினும் புதிய வழித்தடம்தான் அதற்குப் பரிகாரம் என்று எல்லா இடத்திலும் சொல்லிவிட முடியாது. தேர்ந்தெடுத்த சில கடிதங்களுக்கு இங்கே பதில் தருகிறோம்.

கேள்வி: நான் மட்டக்குளியில் வசிக்கிறேன். வேலை வெள்ளவத்தையில். நேரடிப் பஸ் எப்போது வரும் என்று சொல்ல முடியாததால் புறக்கோட்டைக்குப் போய், அங்கிருந்து இன்னொரு பஸ்ஸில் ஏறுகிறேன். எல்லாப் பஸ்களும் ஏன் புறக்கோட்டைக்கே போக வேண்டும்? – மட்டக்குளி வாசகி

பதில்: கொழும்பின் போக்குவரத்து துறைமுகத்தையும் கோட்டையையும் மையமாக வைத்து வளர்ந்தது. 1899இல் ஓடத் தொடங்கி 1960 வரை இருந்த டிராம் வண்டிகளும் கோட்டையிலிருந்து ஒரு பக்கம் பொரளைக்கும் மறுபக்கம் கிராண்ட்பாஸுக்கும்தான் சென்றன. பஸ்கள் அந்தப் பழக்கத்தையே பின்பற்றின. காலி வீதியில் பாணந்துறைக்குச் செல்லும் இலக்கம் 100, மொரட்டுவைக்குச் செல்லும் 101, ஹைலெவல் வீதியில் மஹரகம, ஹோமாகம பக்கம் செல்லும் 138 ஆகிய யாவும் கோட்டையை அடுத்துள்ள புறக்கோட்டையில் வந்து முடிகின்றன. கந்தோர்களும் மொத்த வியாபாரமும் அங்கேயே இருந்த காலத்தில் அது பொருத்தமாக இருந்தது. இப்போதைய நிலை வேறு. பாராளுமன்றம் 1982இல் ஸ்ரீ ஜயவர்தனபுர கோட்டைக்குப் போனதன் பின் அரசாங்கத் திணைக்களங்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பத்தரமுல்லைக்கு இடம்பெயர்ந்தன. புற்றுநோய் வைத்தியசாலை மஹரகமவில் இருக்கிறது, தென் கொழும்பின் பெரிய போதனா வைத்தியசாலை களுபோவிலையில் இருக்கிறது. மக்களுடைய பயணம் குறுக்கும் நெடுக்குமாக மாறிவிட்ட பிறகும் பஸ்கள் பழைய மையத்தையே சுற்றி வருகின்றன.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். புறக்கோட்டையில் முடிந்துவிடாமல் நகரத்தை ஊடறுத்துச் செல்லும் வழித்தடங்கள் ஏற்கெனவே இருக்கின்றன. தங்கள் பகுதியிலிருந்து பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை வழியாகச் சொய்சாபுரம் செல்லும் 155, கிரிபத்கொடையிலிருந்து பொரளை வழியாக அங்குலானைக்குச் செல்லும் 154, ஹெட்டியாவத்தையிலிருந்து பொரளை, நுகேகொட வழியாகக் கரகம்பிட்டிக்குச் செல்லும் 176 ஆகியவை அப்படிப்பட்டவை. ஆகவே தங்களுக்கு வேண்டிய வழித்தடம் வரைபடத்தில் இல்லாமல் இல்லை. அடுத்த பஸ் எத்தனை மணிக்கு வரும் என்ற நிச்சயம்தான் இல்லை. அந்த நிச்சயம் இல்லாதபோது, தூரம் கூடினாலும் பரவாயில்லை என்று எல்லோரும் புறக்கோட்டைக்கே போகிறார்கள். நேரடிப் பஸ்ஸில் ஆள் குறைகிறது, ஆள் இல்லை என்று சொல்லிச் சேவையும் குறைகிறது. செவ்வாய்க்கிழமைகளில் கொச்சிக்கடைப் புனித அந்தோனியார் ஆலயத்துக்குத் தெற்கிலிருந்து வரும் அடியார்களும் இதே காரணத்தால்தான் புறக்கோட்டை நெரிசலில் மாறி ஏறுகிறார்கள்.

இதில் ஒரு சிறிய கணக்கு இருக்கிறது. யோசனை எழுதும் ஒவ்வொருவரும் அதைத் தெரிந்துகொள்வது நல்லது. ஒரு பஸ் புறப்பட்ட இடத்துக்குத் திரும்பி வந்து மறுபடி புறப்பட, ஓய்வு நேரமும் சேர்த்து இரண்டு மணித்தியாலம் எடுக்கும் என்று வைத்துக்கொள்வோம். அந்த வழியில் மணிக்கு ஒரு பஸ் ஓட்டுவதற்கு இரண்டு வண்டிகள் போதும். பத்து நிமிடத்துக்கு ஒன்று ஓட்டுவதற்குப் பன்னிரண்டு வண்டிகள் வேண்டும். புதிய வழித்தடம் கேட்டால், பெரும்பாலும் அந்த இரண்டு வண்டிகளை வைத்து ஒரு சேவையைத் தொடங்கிவிட்டு, கோரிக்கை நிறைவேறியது என்று கோப்பை மூடிவிடுவார்கள். அந்த இரண்டில் ஒன்று பழுதடைந்த நாளில் சேவை அநேகமாக இல்லை என்றே ஆகிவிடும். ஆகவே தாங்கள் புதிய இலக்கம் கேட்பதிலும் பார்க்க, இருக்கும் இலக்கம் காலை ஆறு மணி முதல் இரவு ஒன்பது மணி வரை எத்தனை நிமிடத்துக்கு ஒரு தடவை ஓட வேண்டும் என்று வரையறுத்துக் கேட்பதே பயன் தரும்.

கேள்வி: ஓய்வுபெற்ற ஆசிரியர் நான். கடவுச்சீட்டு அலுவலாகப் பத்தரமுல்லைக்குப் போவதற்குக் கொள்ளுப்பிட்டியில் இறங்கி 177 பஸ்ஸில் ஏற வேண்டியிருக்கிறது. வெள்ளவத்தையிலிருந்து நேரே பத்தரமுல்லைக்கு ஒரு பஸ் விட்டால் என்ன? – வெள்ளவத்தை வாசகர்

பதில்: ஐயா, தாங்கள் கேட்பது நியாயமே. ஆயினும் மேலே சொன்ன கணக்கைத் தங்கள் பயணத்துக்கும் பொருத்திப் பாருங்கள். நேரடிப் பஸ் மணிக்கு ஒன்று என்றால், நேரம் பார்க்காமல் தரிப்பிடத்துக்கு வரும் ஒருவர் சராசரியாக முப்பது நிமிடம் நிற்பார். காலி வீதிப் பஸ்ஸும் 177உம் பத்து நிமிடத்துக்கு ஒன்று ஒழுங்காக ஓடினால், இரண்டு இடத்திலும் சேர்த்துச் சராசரிக் காத்திருப்பு பத்து நிமிடம்தான். மாறி ஏறுவது தன்னளவில் குறை அல்ல. உலகத்தின் பெரிய நகரங்கள் எல்லாவற்றிலும் மக்கள் மாறித்தான் ஏறுகிறார்கள்.

கொழும்பில் மாறி ஏறுவது தண்டனையாக இருப்பதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. முதலாவது, கட்டணம். நமது கட்டண அட்டவணையில் ஒவ்வொரு தடவை ஏறும்போதும் குறைந்தபட்சக் கட்டணத்திலிருந்து கணக்கு மறுபடி தொடங்குகிறது. ஒரே தூரத்தை ஒரு பஸ்ஸில் போகிறவரிலும் பார்க்க இரண்டு பஸ்களில் போகிறவர் கூடுதலாகக் கொடுக்கிறார். நேரடிப் பஸ் இல்லாததால் மாறி ஏறுகிறவரிடம் மேலதிகப் பணம் வாங்குவது நியாயமல்ல. ஒரு மணித்தியாலத்துக்குள் ஏறும் இரண்டாவது பஸ்ஸுக்கு, முதற் பயணத்தின் தொடர்ச்சியாகவே கட்டணம் கணக்கிடப்பட வேண்டும். இதற்கு அட்டை முறைப் பயணச்சீட்டு அரசு, தனியார் ஆகிய இரு தரப்புப் பஸ்களிலும் செல்லுபடியாக வேண்டும்.

இரண்டாவது, நடை. கொள்ளுப்பிட்டிச் சந்தியில் காலி வீதிப் பஸ்ஸிலிருந்து இறங்குகிற ஒரு முதியவரைக் கவனித்துப் பாருங்கள். கையில் ஆவணக் கோப்பு. உயரமான மிதிபலகையிலிருந்து கால் நிலத்தில் படுவதற்குள் நடத்துனர் பஸ்ஸின் பக்கவாட்டில் தட்டிவிடுகிறார். அதன் பின்னர் அவர் வீதியைக் கடந்து, அடுத்த பஸ் எங்கே நிற்கும் என்று யாரிடமாவது விசாரித்து நடக்க வேண்டும். எந்த இலக்கம் எந்தத் தரிப்பிடத்தில் நிற்கும் என்று காட்டும் பலகை கண்ணில் படுவதில்லை. திரும்பி வரும்போது, காலி வீதியின் ஒருவழிப் பகுதி காரணமாக, ஏற வேண்டிய இடம் வேறொரு வீதியில் இருக்கிறது. ஒரு வழிகாட்டிப் பலகை, நிழல் தரும் கூரை, இரண்டு தரிப்பிடங்களையும் சற்று நெருக்கமாக அமைத்தல் ஆகிய மூன்றுக்கும் புதிய பஸ் ஒன்றின் விலைகூட வராது. தங்கள் கடிதத்தில் நேரடிப் பஸ்ஸுக்குப் பதிலாக இவற்றைக் கேட்கும்படி தயவுடன் வேண்டுகிறோம்.

கேள்வி: பஸ் தரிப்பிடத்தில் நீண்ட நேரம் நிற்கிறது. பின்னால் இன்னொரு பஸ் வந்ததும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு இருக்கும்படி பறக்கிறது. இதைத் திருத்த முடியாதா? – தெஹிவளை மாணவர்

பதில்: சாரதியைத் திட்டிப் பயனில்லை. 1958இல் தேசியமயமாக்கப்பட்ட பஸ் சேவையில் 1979இல் தனியார் மீண்டும் அனுமதிக்கப்பட்டனர். அன்று முதல் பெரும்பாலான தனியார் பஸ்களில் சாரதிக்கும் நடத்துனருக்கும் கிடைக்கும் வருமானம் அன்றைய வசூலையே நம்பியிருக்கிறது. ஏறுகிற ஒவ்வொரு பயணியும் அவர்களுக்குச் சோறு. ஆள் சேரும்வரை நிற்பதும், பின்னால் வருகிறவர் முந்தினால் அடுத்த தரிப்பிடத்தின் ஆட்கள் போய்விடுவார்கள் என்று விரட்டுவதும் அந்த முறையிலிருந்தே பிறக்கின்றன. புறப்படும் நேரத்தைக் குறிக்கும் நேரக்கணிப்பாளர் முனையத்தில் இருக்கிறார். நடுவழியில் என்ன நடக்கிறது என்பதை அவருடைய கொப்பி காட்டாது. இயல்பாகவே பிந்துகிற பஸ்ஸுக்கு வழியெங்கும் கூடுதலான ஆட்கள் காத்திருப்பார்கள். அவர்களை ஏற்றுவதால் அது மேலும் பிந்தும், பின்னால் வருவது வெறுமையாக ஓடி அதை எட்டிப் பிடிக்கும். அதனால்தான் மூன்று பஸ்கள் ஒன்றாக வந்துவிட்டு அரை மணித்தியாலம் ஒன்றும் வராமல் போகிறது.

தென் கொரியாவின் சியோல் நகரம் இதே நோயால் வருந்தியது. 2004 ஜூலையில் அந்நகரம் தனியார் உரிமையாளர்களை நீக்காமலே முறையை மாற்றியது. வழித்தடங்களையும் நேரத்தையும் நகர நிர்வாகம் தீர்மானித்தது. வசூல் முழுவதும் பொதுவில் சேர்ந்தது. உரிமையாளருக்கு ஓடிய கிலோமீற்றருக்கு ஏற்பப் பணம் கொடுக்கப்பட்டது. பயணி மாறி ஏறினால் அட்டை மூலம் தூரத்துக்கு மட்டுமே கட்டணம். சாரதி ஆளைத் துரத்த வேண்டிய தேவை அத்துடன் நீங்கியது. கொழும்பில் ஒரே ஒரு வழித்தடத்தில், எல்லா உரிமையாளர்களையும் ஒரு நிறுவனமாகச் சேர்த்து, இதைப் பரீட்சித்துப் பார்க்கலாம். இந்தப் பத்தியில் நாம் முன்வைக்கும் யோசனைகளில் மிக முக்கியமானதாக இதையே கருதுகிறோம்.

கேள்வி: மெரைன் டிரைவ் வழியாக ஒரு பஸ் சேவை தொடங்கலாமே? – பம்பலப்பிட்டி வாசகி

பதில்: வேண்டாம் என்பதே எமது கருத்து. அந்த வீதிக்குப் பக்கத்திலேயே கரையோர ரயில் பாதை ஓடுகிறது. கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை, தெஹிவளை ஆகிய எல்லாவற்றிலும் நிலையம் உண்டு. அவற்றிலிருந்து கிழக்கே செல்லும் பஸ்கள்தான் குறைவு. வெள்ளவத்தையிலிருந்து நாரஹேன்பிட்டிக்குச் செல்லும் 141 போன்ற குறுக்குச் சேவைகளை, ரயில் வரும் நேரத்தோடு பொருத்தி ஓட்டினால் காலி வீதியின் சுமையும் குறையும்.

கேள்வி: புறக்கோட்டைக் கடையில் வேலை. கடை பூட்டி வெளியே வரும்போது வத்தளைப் பஸ் கிடைப்பதில்லை. முச்சக்கரவண்டிக்கே நாட்சம்பளத்தில் பெரும் பங்கு போகிறது. – வத்தளை வாசகர்

பதில்: தங்கள் கடிதம் எம்மை மிகவும் வருத்தியது. வசூல் குறைந்த நேரத்தில் தனியார் பஸ் ஓடாது. கட்டாயப்படுத்தினாலும் நட்டத்தை யார் ஏற்பது என்ற கேள்வி வரும். அதற்குத்தான் அரசாங்கத்தின் மானியம் இருக்கிறது. தேசிய போக்குவரத்து ஆணைக்குழு பாடசாலை மாணவர்களுக்கு ‘சிசு செரிய’ என்ற பெயரிலும் இரவுப் பயணிகளுக்கு ‘நிசி செரிய’ என்ற பெயரிலும் மானியத்துடன் சேவைகளை நடத்துகிறது. தங்களுடன் அதே நேரத்தில் கடை பூட்டுகிறவர்கள் எத்தனை பேர், எந்தெந்த ஊருக்குப் போகிறார்கள், எத்தனை மணிக்கு வெளியே வருகிறார்கள் என்று எழுதி, எல்லோரும் கையொப்பமிட்டு, ‘நிசி செரிய’ சேவை வேண்டும் என்று ஆணைக்குழுவுக்கு விண்ணப்பியுங்கள். பிரதியை அரசாங்கப் பஸ்களை ஓட்டும் இலங்கை போக்குவரத்துச் சபைக்கும் (இ.போ.ச.) அனுப்புங்கள்.

கேள்வி: பஸ்ஸுக்கென்று தனி ஒழுங்கை ஏன் நிலைக்கவில்லை? – ராஜகிரிய வாசகர்

பதில்: 2017இல் தங்கள் பகுதியில்தான் பரீட்சார்த்தமாக அது நடந்தது. தனி ஒழுங்கை கோடு போட்டால் மட்டும் நிலைக்காது. சந்திகளில் இடது பக்கம் திரும்பும் வாகனங்களுக்கு இடம் ஒதுக்குவதும், பஸ்கள் நினைத்த இடத்தில் நிற்காமல் இருப்பதும், பொலிஸாரின் தொடர்ச்சியான கண்காணிப்பும் அதனுடன் சேர வேண்டும்.

கேள்வி: யோசனையை யாருக்கு எழுதுவது? தமிழில் எழுதினால் பார்ப்பார்களா? – கொட்டாஞ்சேனை வாசகர்

பதில்: ஒரே மாகாணத்துக்குள் ஓடும் பஸ்ஸின் அனுமதிப்பத்திரமும் நேர அட்டவணையும் மேல் மாகாண வீதிப் பயணிகள் போக்குவரத்து அதிகார சபையின் கையில் இருக்கின்றன. மாகாணங்களுக்கிடையிலான பஸ் என்றால் தேசிய போக்குவரத்து ஆணைக்குழு. அதன் முறைப்பாட்டுத் தொலைபேசி இலக்கம் 1955. இ.போ.ச. பஸ்ஸுக்கு அந்தந்த டிப்போவின் முகாமையாளருக்கும் எழுதலாம். மாநகர சபைக்கு எழுதி வருடக்கணக்காகக் காத்திருப்பவர்கள் பலர். வழித்தட அனுமதி மாநகர சபையின் கையில் இல்லை.

தமிழில் எழுதுவதற்கும் தமிழில் பதில் பெறுவதற்கும் அரசியலமைப்பின் 4ஆம் அத்தியாயம் தங்களுக்கு உரிமை தருகிறது. தயங்காமல் தமிழிலேயே எழுதுங்கள். ஆனால் ‘பஸ் சேவை மோசம்’ என்று எழுத வேண்டாம். அப்படிப்பட்ட கடிதத்துக்கு எந்த உத்தியோகத்தராலும் நடவடிக்கை எடுக்க முடியாது. வழித்தட இலக்கம், தரிப்பிடத்தின் பெயர், நாள், நேரம், எத்தனை நிமிட இடைவெளியில் பஸ் வந்தது, எத்தனை பேர் ஏற முடியாமல் நின்றார்கள் ஆகியவற்றை ஒரு வாரத்துக்குக் குறித்து வைத்து, அந்தப் பட்டியலின் கீழே கோரிக்கையை இரண்டு வாக்கியத்தில் எழுதுங்கள். ‘காலை 6.30 முதல் 8.30 வரை இந்த இலக்கத்தில் பதினைந்து நிமிடத்துக்கு ஒரு பஸ் புறப்பட வேண்டும். நேர அட்டவணையைத் தரிப்பிடத்தில் மூன்று மொழிகளிலும் ஒட்ட வேண்டும்’ என்ற அளவில் இருந்தால் போதும்.

பதில் வராவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. அந்த வழித்தடத்துக்கு எத்தனை அனுமதிப்பத்திரங்கள் வழங்கப்பட்டுள்ளன, அங்கீகரிக்கப்பட்ட நேர அட்டவணை என்ன என்று தகவல் உத்தியோகத்தரிடம் எழுத்தில் கேளுங்கள். 14 வேலை நாட்களுக்குள் அவர் தமது தீர்மானத்தைத் தெரிவிக்க வேண்டும். அட்டவணை கைக்கு வந்ததும், தாங்கள் குறித்து வைத்த நேரங்களை அதற்குப் பக்கத்தில் வைத்து மறுபடி எழுதுங்கள். இரண்டு கடிதங்களின் பிரதிகளையும் எமக்கு அனுப்பினால், அடுத்தடுத்த இதழ்களில் அவற்றைத் தொடர்ந்து வெளியிடுவோம்.