இரும்பாணி எடை கூடுமா? வேதிச் சமன்பாடு: கேள்வி-பதில்

படிக்க எளிதாக இருக்கட்டும் என்று பதில்களில் வாய்பாடுகளைத் தவிர்த்துப் பெயர்களையே எழுதியிருக்கிறோம். பெயருக்கு முன்னால் வரும் எண், மூலக்கூறுகளின் எண்ணிக்கை.

கேள்வி: ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்து நீராகும் சமன்பாட்டில் ஒரு ஆக்சிஜன் அணு மிஞ்சியது. நீரின் வாய்பாட்டில் ஆக்சிஜனுக்குக் கீழே 2 போட்டேன். அணுக் கணக்குச் சரியாக வந்தும் மதிப்பெண் கிடைக்கவில்லை. ஏன்?

அந்த 2-ஐப் போட்டதும் அது நீராக இல்லை, ஹைட்ரஜன் பெராக்சைடு ஆகிவிட்டது. குடிக்கும் தண்ணீரை எழுதப் போய், முடியை வெளுக்கும் திரவத்தை எழுதியிருக்கிறீர்கள். வாய்பாட்டுக்குள் இருக்கும் கீழெண் இணைதிறனால், அதாவது ஒரு அணு எத்தனை பிணைப்புகளை ஏற்கும் என்பதால், அமைவது. அதில் நாம் கைவைக்க முடியாது. முன்னால் போடும் கெழுவை மட்டும்தான் மாற்றலாம்.

2 ஹைட்ரஜன் + 1 ஆக்சிஜன் → 2 நீர்

இரு பக்கமும் ஹைட்ரஜன் அணு 4, ஆக்சிஜன் அணு 2.

கேள்வி: 14.2 கிலோ சமையல் எரிவாயு சிலிண்டர் தீர்ந்தால் 40 கிலோவுக்கு மேல் கார்பன் டை ஆக்சைடு வெளியேறும் என்கிறார்கள். உள்ளே இருப்பதே 14 கிலோதானே?

மீதி எடை காற்றிலிருந்து வருகிறது. சிலிண்டரில் இருப்பது புரொப்பேனும் பியூட்டேனும் கலந்த கலவை. கணக்குக்காக முழுவதும் பியூட்டேன் என்றே வைத்துக்கொள்வோம். ஒரு பியூட்டேன் மூலக்கூறில் கார்பன் 4, ஹைட்ரஜன் 10.

சமன் செய்ய முதலில் கார்பனைப் பாருங்கள். 4 கார்பனுக்கு 4 கார்பன் டை ஆக்சைடு. அடுத்து ஹைட்ரஜன்: 10 அணுவுக்கு 5 நீர். ஆக்சிஜனைக் கடைசிக்கு வையுங்கள். இடப்பக்கம் அது தனித்து நிற்பதால், அதன் கெழுவை மாற்றினால் வேறு எதுவும் குலையாது. பலர் ஆக்சிஜனில் தொடங்கித்தான் திரும்பத் திரும்ப அழிக்க நேர்கிறது. வலப்பக்கம் ஆக்சிஜன் அணு 8 + 5 = 13, அதாவது ஆறரை மூலக்கூறு. அரை போக, எல்லாவற்றையும் இரண்டால் பெருக்குங்கள்.

2 பியூட்டேன் + 13 ஆக்சிஜன் → 8 கார்பன் டை ஆக்சைடு + 10 நீர்

கிராமில்: 116 + 416 = 352 + 180. இரு பக்கமும் 532. இதே விகிதத்தில் 14.2 கிலோ எரிய சுமார் 51 கிலோ ஆக்சிஜன் வேண்டும். கிடைப்பது 43 கிலோ கார்பன் டை ஆக்சைடும் 22 கிலோ நீராவியும். குளிர்ந்த பாத்திரத்தை அடுப்பில் வைத்ததும் அடியில் வியர்க்கிறதே, அது இந்த நீர்தான்.

ஆக்சிஜன் போதாவிட்டால் இந்தச் சமன்பாடு நடக்காது. கார்பனில் ஒரு பங்கு கார்பன் மோனாக்சைடாகவும் கரியாகவும் நின்றுவிடும். சுடர் மஞ்சளாகும், பாத்திரத்தின் அடி கறுக்கும். பர்னர் துளைகளில் அடைப்பா என்று பாருங்கள், ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

கேள்வி: மயில்துத்தக் (காப்பர் சல்பேட்) கரைசலில் இரும்பாணி போடும் சோதனையில் ஆணி கரைகிறது என்றால் அதன் எடை குறைய வேண்டும். கூடும் என்று நண்பன் சொல்கிறான். யார் சரி?

நண்பர் சொல்வதே சரி. இது ஒற்றை இடப்பெயர்ச்சி வினை:

இரும்பு + காப்பர் சல்பேட் → இரும்பு சல்பேட் + தாமிரம்

ஒரு இரும்பு அணு கரைசலுக்குள் இறங்க, ஒரு தாமிர அணு ஆணியில் ஏறுகிறது. இரும்பின் அணு நிறை 55.8, தாமிரத்தின் அணு நிறை 63.5. ஆகவே 1 கிராம் இரும்பு கரைந்தால் 1.14 கிராம் தாமிரம் படியும்.

100 மில்லி தண்ணீரில் 5 கிராம் மயில்துத்தம் போதும். கண்ணாடி அல்லது பிளாஸ்டிக் பாத்திரம் எடுங்கள். இரும்பு, அலுமினியக் கிண்ணங்கள் வேண்டாம், அவையே வினையில் இறங்கிவிடக்கூடும். ஆணியை உப்புத்தாளால் தேய்த்து எண்ணெயும் துருவும் போக்கிய பிறகு போடுங்கள். கால் மணி நேரத்துக்குள் செம்பழுப்புப் படலம் தெரியும். நீலம் வெளுத்து இளம்பச்சையாக மாற இன்னும் நேரம் ஆகும். மயில்துத்தம் நஞ்சு, சமையல் பாத்திரத்தில் கரைக்காதீர்கள்.

எடை பார்ப்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். 0.2 கிராம் இரும்பு கரைந்தால் கூடும் எடை 0.03 கிராம்கூட இல்லை. மளிகைத் தராசில் அது தெரியாது. ஆணியைத் துடைத்தால் படிந்த தாமிரம் உதிர்ந்து எடை குறைந்ததாகவே காட்டும். இன்னொரு பொறி: துத்தநாகம் பூசிய ஆணி. அதில் முதலில் கரைவது துத்தநாகம். அதன் அணு நிறை 65.4, தாமிரத்தைவிட அதிகம். அப்போது எடை உண்மையிலேயே சற்றுக் குறையும், கரைசலும் பச்சையாகாமல் நிறமிழக்கும். சோதனை தப்பவில்லை, ஆணிதான் வேறு.

கேள்வி: சாப்பாட்டு உப்பையும் பொட்டாசியம் நைட்ரேட்டையும் தண்ணீரில் கலந்தால் இரட்டை இடப்பெயர்ச்சி (இரண்டு சேர்மங்கள் தம் பகுதிகளை மாற்றிக்கொள்ளும் வினை) என்று எழுதலாமா?

எழுதலாம், நடக்காது. சோடியம், குளோரைடு, பொட்டாசியம், நைட்ரேட் என்ற நான்கு அயனிகளும் (மின்னூட்டமுள்ள துகள்கள்) கரைசலில் முன்போலவே தனித்தனியாக மிதக்கும். வீழ்படிவோ (கரையாமல் பிரியும் திடப்பொருள்), வாயுவோ, நீரோ உருவானால்தான் இரட்டை இடப்பெயர்ச்சி. பேரியம் குளோரைடும் சோடியம் சல்பேட்டும் கலந்தால் வெண்ணிற வீழ்படிவு இறங்குகிறது, அது வினை. தாள் எந்தச் சமன்பாட்டையும் தாங்கும்.

கேள்வி: சுண்ணாம்பு சுடுவது, நீற்றுவது, சுவரில் அடிப்பது மூன்றும் ஒரே வினையா?

மூன்றும் வேறு வேறு. ஆனால் கடைசியில் தொடங்கிய இடத்துக்கே வந்து சேரும்.

காளவாயில் நடப்பது சிதைவு வினை. சுண்ணாம்புக்கல்லோ கிளிஞ்சலோ, இரண்டும் பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். சுமார் 900 டிகிரி செல்சியஸில் 100 கிராம் சிதைந்து 56 கிராம் சுட்ட சுண்ணாம்பும் 44 கிராம் கார்பன் டை ஆக்சைடும் ஆகும். வெப்பம் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும், இது வெப்பக் கொள் வினை.

நீற்றுவது சேர்க்கை வினை, அதுவும் வெப்ப உமிழ் வினை. 56 கிராம் சுட்ட சுண்ணாம்பு 18 கிராம் நீரை எடுத்துக்கொண்டு 74 கிராம் நீற்றிய சுண்ணாம்பாகிறது. தண்ணீர் கொதித்துத் தெறிக்கும் அளவுக்குச் சூடு வரும். பிளாஸ்டிக் வாளி வேண்டாம். நிறையத் தண்ணீரில் சுண்ணாம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். கண்ணில் தெறித்தால் பார்வையே போகலாம், கண்ணாடி அணியுங்கள். பிரித்துப் போட்டுப் பல நாள் கிடந்த மூட்டை கொதிக்கவில்லை என்றால், காற்றின் ஈரத்திலும் கார்பன் டை ஆக்சைடிலும் அது ஏற்கனவே வினை முடித்துவிட்டது என்று பொருள்.

சுவரில் அடித்த பின் 74 கிராம் சுண்ணாம்பு காற்றிலிருந்து 44 கிராம் கார்பன் டை ஆக்சைடை வாங்கி, 18 கிராம் நீரை விட்டு, மறுபடி 100 கிராம் கால்சியம் கார்பனேட் ஆகிறது. இரண்டு மூன்று நாளில் சுவர் வெளுப்பது இதனால். தடித்த பூச்சின் உட்பகுதிக்கு மாதக்கணக்கில் ஆகும்.

தெளிந்த சுண்ணாம்பு நீரில் ஊதினால் பால்போல ஆவதும் இதே வினைதான். தொடர்ந்து ஊதினால் மறுபடி தெளியும், ஏனென்றால் கரையக்கூடிய கால்சியம் பைகார்பனேட் உண்டாகிறது. அதைக் கொதிக்க வைத்தால் திரும்பக் கலங்கும். கடின நீர் காய்ச்சும் பாத்திரத்தில் வெள்ளைப் படிவு பிடிப்பதும் இப்படித்தான்.

கேள்வி: சமையல் சோடாவும் வினிகரும் கலந்து குழாய் அடைப்பை எடுக்கலாமா?

நுரை பார்க்க அழகு, வேலை குறைவு. அமிலமும் காரமும் ஒன்றையொன்று தீர்த்துவிடுகின்றன. மிஞ்சுவது சோடியம் அசிட்டேட் கரைந்த தண்ணீர். 5 கிராம் சோடாவைத் தீர்க்க 5 சதவீத வினிகர் சுமார் 70 மில்லி போதும். அதில் ஒன்றரை லிட்டருக்குச் சற்றுக் குறைவாக வாயு வரும். மூடிய பாட்டிலில் கலந்தால் வெடிக்கும். உப்புப் படிவுக்கு வினிகர் மட்டும், பிசுக்குக்குச் சோடா மட்டும் போடுங்கள்.

கேள்வி: பிளீச்சிங் பவுடரும் கழிவறை ஆசிட்டும் சேர்ந்தால் இன்னும் வெளுக்குமா?

கூடவே கூடாது. பிளீச்சிங் பவுடர் + 2 ஹைட்ரோகுளோரிக் அமிலம் → கால்சியம் குளோரைடு + குளோரின் + நீர். 127 கிராம் தூய பவுடரிலிருந்து 71 கிராம் குளோரின். சிறிய குளியலறையில் நுரையீரலைப் புண்ணாக்க அதில் சிறு பங்கே போதும். தவறிக் கலந்துவிட்டால் உடனே வெளியேறுங்கள், கதவைத் திறந்து விடுங்கள்.

கேள்வி: 2.4 கிராம் மெக்னீசியம் எரிந்தால் 4 கிராம் ஆக்சைடு வர வேண்டும். எங்களுக்கு எப்போதும் குறைகிறது.

இரண்டு காரணங்கள். வெண்புகையாகப் பறப்பதே ஆக்சைடுதான். மேலும் ஒரு பங்கு மெக்னீசியம் நைட்ரஜனோடு சேர்ந்து நைட்ரைடாகிறது, அதில் எடை அவ்வளவு கூடாது. மூடியுள்ள புடக்குகையில் (அதிக வெப்பம் தாங்கும் சிறு கிண்ணம்) சூடாக்கி, மூடியை அவ்வப்போது சற்றே தூக்கிக் காற்று விடுங்கள். ஆறிய பின் சில துளி நீர் விட்டு மீண்டும் பலமாகச் சூடாக்கினால் நைட்ரைடும் ஆக்சைடாகிவிடும். அப்போது அம்மோனியா நெடி வரும்.