பென்னாகரத்தில் அரசுப் பள்ளியில் 8-ஆம் வகுப்பு படிக்கும் பையன், வீட்டில் பட்டதாரி யாரும் இல்லை. இப்போதே ஒரு வழிகாட்டி தேவையா?

கட்டாயம் தேவை. பல கதவுகள் பிளஸ் டூ ரிசல்ட்டுக்கு முன்பே மூடிவிடும்.

முதலில், இந்த வருடமே என்.எம்.எம்.எஸ். என்ற மத்திய அரசின் உதவித்தொகைத் தேர்வை எழுத வையுங்கள். தேர்வானால் 9 முதல் 12 வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய். வகுப்பாசிரியர்தான் விண்ணப்பத்தை நினைவூட்ட வேண்டியவர்.

அதிகம் சறுக்குவது 10-ஆம் வகுப்புக்குப் பிறகு. நல்ல எண்ணத்தோடு கடன் வாங்கி, தருமபுரியிலோ கிருஷ்ணகிரியிலோ தனியார் விடுதிப் பள்ளியில் சேர்ப்பார்கள். அதோடு அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5% இட ஒதுக்கீடு போய்விடும். அதற்கு 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். அந்த ஒதுக்கீட்டில் பொறியியல் கிடைத்தால் கல்வி, விடுதிக் கட்டணங்களை அரசே ஏற்கிறது. விவரம் தெரிந்த ஒருவர் அன்றைக்குப் பக்கத்தில் இருந்தாலே போதும்.

குரூப் எடுப்பதும் அப்படித்தான். பொறியியல் கட்-ஆஃப் 200-இல் கணிதத்துக்கு மட்டும் 100. இயற்பியல், வேதியியல் தலா 50. நண்பன் எடுத்தான் என்று கணிதம் இல்லாத குரூப்பில் சேர்ந்துவிட்டுப் பிறகு பர்கூர், செட்டிக்கரை அரசுப் பொறியியல் கல்லூரிகளைப் பற்றிக் கேட்பது வீண்.

குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் படிப்பவருக்கான முதல் பட்டதாரிச் சான்றிதழுக்குக் கலந்தாய்வுக்கு முன்பே இ-சேவை மையத்தில் விண்ணப்பியுங்கள்.

வழிகாட்டி பெரிய அதிகாரியாக இருக்க வேண்டியதில்லை. ஊரில் அரசுக் கல்லூரியில் படிக்கும் அக்காவோ, ஓசூர் தொழிற்சாலையில் டிப்ளமோ முடித்து வேலை செய்யும் அண்ணனோ போதும். தான் படித்ததையே படி என்று திணிப்பவரைத் தவிர்த்துவிடுங்கள்.