அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே ஆர்க்கிடெக்டை அழையுங்கள்

கேள்வி: திருச்சியில் மேற்குப் பார்த்த, தரைத்தளத்தில் அமைந்த 520 சதுர அடிக் கடை ஒன்றை வாடகைக்குப் பார்த்து வைத்திருக்கிறேன். பின்புறம் ஓவன், முன்புறம் விற்பனை என்று சிறிய பேக்கரி தொடங்க எண்ணம். உள்வேலைக்கு 12 லட்சம் ரூபாய் ஒதுக்கியிருக்கிறேன். இன்டீரியர் கான்ட்ராக்டர் ஒருவர், வேலையைத் தனக்கே கொடுத்தால் பிளானை இலவசமாகப் போட்டுத் தருவதாகச் சொல்கிறார். இவ்வளவு சிறிய இடத்துக்கு ஆர்க்கிடெக்ட் தேவையா? எப்படித் தேர்ந்தெடுப்பது, எவ்வளவு கொடுப்பது?

பதில்: தேவை. அதுவும் கடைக்கு அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே தேவை. பெரும்பாலானோர் வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட பிறகுதான் ஆர்க்கிடெக்ட்களான எங்களைத் தேடி வருகிறார்கள். அதற்குள் கழிவுநீர் எந்தப் பக்கம் போக வேண்டும், புகைபோக்கியை எங்கே ஏற்ற முடியும், மின் இணைப்பு எவ்வளவு தாங்கும் என்பவையெல்லாம் அந்தக் கட்டடத்தால் முடிவாகிவிட்டிருக்கும். எவ்வளவு நல்ல பிளானாலும் அவற்றை மாற்ற முடியாது.

உங்கள் கடையையே எடுத்துக்கொள்வோம். மின் ஓவன் என்றால் மூன்று பேஸ் இணைப்பு வேண்டியிருக்கும். இப்போதைய இணைப்பு எந்தக் கட்டணப் பிரிவில், எத்தனை கிலோவாட்டுக்கு வாங்கப்பட்டது என்று பார்க்க வேண்டும். மாடியில் குடித்தனம் இருந்தால், வெப்பக் காற்றை எந்தச் சுவர் வழியாக வெளியேற்றுவது என்று கடை பிடிப்பதற்கு முன்பே கட்டட உரிமையாளரிடம் பேசிவிட வேண்டும். மேற்குப் பார்த்த கடை என்பதால், திருச்சியின் பிற்பகல் வெயில் முகப்புக் கண்ணாடி வழியாக நேரே கேக் ஷோகேஸின் மேல் விழும். வெளியே ஆழமான சன்ஷேட் போட இடமிருக்கிறதா என்பது ஏசி எத்தனை டன் என்பதையே மாற்றிவிடும். வாசலில் ஆறு அங்குலப் படி இருந்தால், சக்கர நாற்காலி ஏறுவதற்கு ஒன்றுக்குப் பன்னிரண்டு என்ற சரிவில் ஆறடி நீளச் சாய்தளம் வேண்டும். அந்த ஆறடி உங்கள் எல்லைக்குள் இருக்கிறதா?

சில ஆண்டுகளுக்கு முன்பு, வேலை முடிந்துவிட்ட ஒரு பேக்கரிக்கு அவசரமாக என்னை அழைத்தார்கள். ஓவன் லாரியில் வாசலில் நின்றது. பின்னறைக் கதவோ இரண்டே முக்கால் அடி. முந்தின வாரம் ஒட்டிய டைல்ஸோடு சுவரை இடித்துத்தான் உள்ளே கொண்டுபோக முடிந்தது. கடன் வாங்கிக் கடை போட்ட அந்தக் குடும்பம் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்ததை நான் மறக்கவில்லை.

இலவச பிளானைப் பற்றிச் சொல்கிறேன். கான்ட்ராக்டர்களில் நேர்மையானவர்கள் பலர் உண்டு. அவர்கள் இல்லாமல் எங்கள் வரைபடம் காகிதத்தோடு நின்றுவிடும். ஆனால் பிளான் போடுபவரும், விலை சொல்பவரும், வேலை செய்பவரும், பில் எழுதுபவரும் ஒருவரே என்றால், சரிபார்க்க ஆள் இல்லாமல் போகிறது. பிளானின் விலையும் சதுர அடி ரேட்டுக்குள் எங்கோ சேர்ந்துதான் இருக்கும். பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழே ஐஎஸ் 710 முத்திரையுள்ள தண்ணீர் தாங்கும் பிளைவுட் போட வேண்டும். அங்கே சாதாரண கமர்ஷியல் பிளைவுட்டைப் போட்டு மேலே லேமினேட் ஒட்டிவிட்டால் உங்களுக்குத் தெரியாது, இரண்டு மழைக்காலம் போனால் ஓரம் உப்பும்போதுதான் தெரியும். எந்த இடத்தில் எந்தப் பொருள், எவ்வளவு அளவு என்று எழுதிய பிஓக்யூ பட்டியலை ஆர்க்கிடெக்ட் தயாரித்து, அதே பட்டியலுக்கு மூன்று கான்ட்ராக்டர்களிடம் விலை கேட்டால்தான் விலைகளை ஒப்பிட முடியும். உங்களிடம் பேசியவரும் அந்த மூவரில் ஒருவராக இருக்கலாம்.

தேர்ந்தெடுப்பது எப்படி? 1972ஆம் ஆண்டு ஆர்க்கிடெக்ட்கள் சட்டத்தின்படி, கட்டடக்கலை கவுன்சிலில் பதிவு செய்தவர் மட்டுமே தம்மை ஆர்க்கிடெக்ட் என்று அழைத்துக்கொள்ளலாம். பதிவு எண்ணைத் தயங்காமல் கேளுங்கள். கவுன்சிலின் இணையதளத்தில் சரிபார்த்துக்கொள்ளலாம். ஆர்க்கிடெக்ட் என்ற பெயர்தான் சட்டத்தால் காக்கப்படுகிறது, வடிவமைக்கும் தொழிலே மற்றவர்களுக்குத் தடை செய்யப்படவில்லை என்று உச்ச நீதிமன்றம் 2020இல் தெளிவாக்கியிருக்கிறது. ஆகவே சுவர், கழிவுநீர், மின்சாரம் எதையும் தொடாத துணிக்கடை போன்றவற்றுக்கு நல்ல இன்டீரியர் டிசைனரே போதும் என்பது என் கருத்து. உங்கள் கடை அப்படிப்பட்டதல்ல.

புகைப்படங்களைப் பார்த்து மயங்க வேண்டாம். அவர் வடிவமைத்து இரண்டு மூன்று ஆண்டுகள் ஓடிய கடை ஒன்றுக்கு, கூட்டம் மிகுந்த நேரத்தில் போய் நின்று பாருங்கள். கவுன்டருக்குப் பின்னால் வேலை செய்பவர்களிடம் பேசுங்கள். முதலில் சொன்ன செலவு எவ்வளவு, முடிந்தபோது எவ்வளவு என்று உரிமையாளரிடம் கேளுங்கள்.

கட்டணத்தை வேலைச் செலவில் இத்தனை சதவீதம் என்றும், சதுர அடிக் கணக்கிலும், மொத்தத் தொகையாகவும் பேசுவார்கள். சதவீதக் கணக்கில் செலவு ஏற ஏறக் கட்டணமும் ஏறும் என்பதால், சிறிய கடைக்கு மொத்தத் தொகையாகப் பேசுவதையே நான் பரிந்துரைப்பேன். 12 லட்ச வேலைக்கு 1.2 லட்சம் என்று பேசினால், அவர் ஜிஎஸ்டி பதிவு பெற்றவராயின் 18 சதவீதமாக 21,600 ரூபாய் கூடும். இதையும் 12 லட்சத்துக்குள்ளேயே கணக்கிட்டு வையுங்கள். முழுத் தொகைக்கும் முதலிலேயே ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. கடையை ஒருமுறை வந்து பார்த்துக் கருத்துச் சொல்லத் தனிக் கட்டணம் கொடுங்கள். அதன் பிறகு வரைபடங்கள், அதன் பிறகு மேற்பார்வை என்று கட்டம் கட்டமாகப் பிரித்துக்கொள்ளுங்கள். மின் வரைபடமும் பிளம்பிங் வரைபடமும் சேர்த்தியா, எத்தனை முறை நேரில் வருவார், எத்தனை முறை திருத்தித் தருவார் என்பவை எழுத்தில் இருக்கட்டும். பொருள் விற்பவர்களிடம் கமிஷன் வாங்கக் கூடாது என்பது ஆர்க்கிடெக்ட்களுக்கான 1989ஆம் ஆண்டு நடத்தை விதிகளில் உள்ளதுதான். அதையும் ஒரு வரி சேர்க்கச் சொன்னால் நேர்மையானவர் வருத்தப்பட மாட்டார்.

உங்கள் பங்கும் உண்டு. ஓவன், மிக்ஸர், ஃப்ரிட்ஜ் ஒவ்வொன்றின் அளவும் மின்தேவையும், எத்தனை பேர் வேலை செய்வார்கள், எந்த நேரத்தில் கூட்டம் வரும் என்பதும் உங்களுக்குத்தான் தெரியும். பிளான் கைக்கு வந்ததும் அதை அந்தக் கடையின் தரையிலேயே சாக்பீஸால் முழு அளவில் வரையச் சொல்லுங்கள். 60 சென்டிமீட்டர் நீளமுள்ள பேக்கரி ட்ரே ஒன்றைக் கையில் பிடித்து ஓவனிலிருந்து கவுன்டர் வரை நடந்து, வழியில் இன்னொருவரைக் குனிந்து நிற்கச் சொல்லித் திரும்பிப் பாருங்கள். இடித்தால் கோட்டை அழித்து மாற்றலாம். கவுன்டருக்குப் பின்னால் உட்காரும் இடமும் அந்த வரைபடத்தில் இருக்க வேண்டும். கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021இல் சட்டத்திருத்தமே வந்திருக்கிறது.

பதினோரு மாத ஒப்பந்தத்தை நம்பி 12 லட்சத்தைச் சுவரில் ஒட்டாதீர்கள். குறைந்தது ஐந்தாண்டு உறுதியும், இடிக்கவும் துளையிடவும் உரிமையாளரின் எழுத்துப்பூர்வ ஒப்புதலும், காலி செய்யும்போது எவற்றைக் கழற்றிக்கொண்டு போகலாம் என்ற பட்டியலும் ஒப்பந்தத்தில் வேண்டும்.

ஆர்க்கிடெக்டோடு முதல் முறை கடைக்குப் போகும்போது ஒரு வாளித் தண்ணீரை எடுத்துச் செல்லுங்கள். கழுவும் தொட்டி வரவேண்டிய பின்மூலையில் ஊற்றிவிட்டு, அது எந்தப் பக்கம் ஓடுகிறது என்று இருவருமாகப் பாருங்கள். வாசல் பக்கம் ஓடி வந்தால், தரையை உயர்த்தும் செலவு யாருடையது என்பதைப் பேசி முடித்த பிறகே அட்வான்ஸ் கொடுங்கள்.